குண்டு எத்தனை இறாத்தல்? ஏரியின் ஆழத்துக்குத் தூண்டில் இறக்கும் கருவிகள்

யூலை நடுப்பகுதியில் ஒன்ராறியோ ஏரியின் மேல்நீர் குளிக்கத்தக்க சூட்டில் இருக்கும். சினூக் சல்மன் அங்கே நிற்காது. அது தேடுவது 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரையான குளிரை. அந்தக் குளிர் இன்று 40 அடியில் கிடைக்கலாம், காற்று மாறினால் நாளை 90 அடிக்கு இறங்கிவிடலாம். ஓடும் படகின் பின்னால் ஸ்பூன் என்ற உலோக இரையை வெறுமனே இழுத்தால் அது சில அடிகளுக்குக் கீழே போகாது. மீன் இருக்கும் இடம் வேறு, உங்கள் இரை போகும் இடம் வேறு.

இந்த இடைவெளியை அடைக்கும் கருவிதான் டவுன்றிகர். பாரமான குண்டு ஒன்றை வடத்தில் கட்டி ஆழத்துக்கு இறக்குகிறோம். தூண்டிலின் தங்கூசியைக் குண்டுக்கருகே ஒரு கிளிப்பில் மாட்டுகிறோம். மீன் அடித்தவுடன் தங்கூசி கிளிப்பிலிருந்து விடுபடும். அதன்பின் குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு நேரடியாக மல்லுக்கட்டலாம்.

1966இல் மிச்சிகன் மாநிலம் பசிபிக் கரையின் கோஹோ சல்மனைப் பேரேரிகளில் விட்டது. அடுத்த ஆண்டே சினூக்கும் வந்தது. பெருகிக் கிடந்த அலுவைஃப் என்ற சிறு மீனைத் தின்று இவை கொழுத்தன. ஏரியில் டவுன்றிகர் பரவியது அந்த மீன்களைத் துரத்தித்தான். வரலாறு இவ்வளவு போதும், கடைக்குப் போவோம்.

இந்த அத்தியாயம் 16 முதல் 20 அடி வரையான படகு வைத்திருப்பவருக்கானது. புளவ்வர்ஸ் பார்க், பிறெஞ்ச்மன்ஸ் பே, போர்ட் கிறெடிற் போன்ற இறங்குதுறைகளில் படகை இறக்கி, தானே ஓட்டி, தானே பிடிக்க விரும்புபவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் குண்டு, பிறகுதான் மற்றவை

பெரும்பாலானோர் கருவியை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் கிடைக்கும் குண்டை வாங்குவார்கள். வரிசை தலைகீழ். எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் இழுக்கப்போகிறீர்கள் என்பது குண்டின் எடையைத் தீர்மானிக்கும். அந்த எடையைத் தாங்குவது எது என்பது கருவியைத் தீர்மானிக்கும்.

ஏரிப் படகோட்டிகளிடையே பழகிவிட்ட ஒரு விதி உண்டு: பத்து அடி ஆழத்துக்கு ஓர் இறாத்தல். மணிக்கு இரண்டு மைலிலிருந்து இரண்டரை மைல் வரையான சல்மன் வேகத்துக்கு அதைச் சற்றே திருத்தி இப்படி வைத்துக்கொள்ளலாம்:

- 40 அடி வரை: 8 இறாத்தல்
- 40 முதல் 80 அடி: 10 இறாத்தல்
- 80 முதல் 120 அடி: 12 முதல் 15 இறாத்தல்
- அதற்கும் கீழே, அல்லது பெரிய ஃப்ளாஷர் (சுழலும் பளபளப்புத் தகடு) இழுக்கும்போது: 15 இறாத்தலுக்கு மேல், கருவி அனுமதித்தால் மட்டும்

சித்திரை, வைகாசியில் கரையோரம் 20, 30 அடியில் கோஹோ பிடிப்பவருக்கு 8 இறாத்தல் தாராளம். ஆனால் ஒரே ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால் 12 இறாத்தல் வாங்குங்கள். பாரமான குண்டை மேலே நிறுத்தி இழுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. இலேசான குண்டை ஆழத்தில் இழுப்பதுதான் வில்லங்கம்: அது பின்னுக்குப் போய்ப் பக்கத்துத் தங்கூசியோடு சிக்கும், மீன்காட்டும் திரையிலிருந்து மறையும், எந்த ஆழத்தில் நிற்கிறது என்றே தெரியாது.

மேல் எல்லை ஒன்றும் உண்டு. கருவியின் கையேட்டில் அது தாங்கும் உச்ச எடை எழுதியிருக்கும். அதைத் தாண்டவே கூடாது. அலையில் படகு எகிறும்போது குண்டு கருவியின் நீட்டிய கையை இழுக்கும் விசை அதன் எடையைவிடப் பல மடங்கு கூடும்.

உருவத்துக்குக் காசு கொடுக்கலாமா?

கடையில் உருண்டை, வால்துடுப்பு வைத்த உருண்டை, தட்டை வட்டு, டோர்பிடோ, மீன் உருவம் என்று அடுக்கியிருப்பார்கள். தண்ணீரை எது நன்றாகக் கிழிக்கும் என்று விற்பனையாளர் விளக்குவார். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

10 இறாத்தல் ஈயக் குண்டின் விட்டம் 9 சென்ரிமீற்றர் அளவு. தண்ணீருக்கு அது காட்டும் முகப்பு 65 சதுர சென்ரிமீற்றர். வடம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தடிப்புத்தான். ஆனால் 100 அடி வடம் காட்டும் முகப்பு 270 சதுர சென்ரிமீற்றரைத் தொடும், அதாவது குண்டைப்போல நான்கு மடங்கு. போதாததற்கு உருண்டையைவிட மெல்லிய உருளைக் கம்பியைத் தண்ணீர் இன்னும் கடுமையாகப் பிடித்து இழுக்கும். ஆகவே ஆழத்தில் உங்கள் குண்டைப் பின்னுக்குத் தள்ளுவது பெரும்பாலும் வடம். குண்டின் மூக்கைக் கூராக்கிப் பெறும் இலாபம் சொற்பம். அதே காசுக்கு இரண்டு இறாத்தல் கூட வாங்கலாம்.

வால்துடுப்பு மட்டும் விதிவிலக்கு. துடுப்பில்லாத உருண்டை தண்ணீரில் சுழலும். அது சுழன்றால் வடம் முறுகும், வடம் முறுகினால் தங்கூசி அதில் சுற்றும். துடுப்பு வைத்த உருண்டை நேராக ஓடும். சிலர் துடுப்பை இலேசாக வளைத்து, இடக் குண்டை இடப்புறமும் வலக் குண்டை வலப்புறமும் விலகி ஓடவைப்பார்கள். தட்டை வட்டும் இப்படி விலகி ஓடக்கூடியது. இரண்டுக்குமேல் குண்டு இறக்கும் பெரிய படகுக்கு அது பயன்படும், உங்கள் படகுக்கு அவசியமில்லை.

நிறத்தைப் பற்றி நீண்ட வாக்குவாதங்கள் நடக்கும். கறுப்பு எடுங்கள், இல்லாவிட்டால் கடையில் இருப்பதை எடுங்கள்.

ஈயமா, இரும்பா?

ஈயத்தின் அடர்த்தி 11.3. உருக்கினுடையது 7.9. ஆகவே அதே 10 இறாத்தல் உருக்குக் குண்டின் விட்டம் பத்தேகால் சென்ரிமீற்றருக்கு வந்துவிடும். தண்ணீருக்குள் போனதும் ஈயம் தன் எடையில் சுமார் 9 சதவீதத்தை இழக்கும், உருக்கு ஏறத்தாழ 13 சதவீதத்தை. வித்தியாசம் இவ்வளவுதான். உருக்கு வாங்குவதானால் ஓர் இறாத்தல் கூட்டி வாங்குங்கள், கணக்குச் சரியாகிவிடும்.

ஈயம் நஞ்சு. குண்டு அறுந்து ஏரியடியில் கிடந்தால் அது அங்கேயே கிடக்கும். வெறும் ஈயக் குண்டைத் தொட்ட கையால் சாண்ட்விச் சாப்பிடுவது வேறு. ஈயம்தான் வேண்டுமென்றால் பிளாஸ்ரிக் பூச்சுப் பூசிய குண்டாக எடுங்கள். கையும் கறுக்காது, படகின் பக்கமும் கீறாது. பூச்சு வெடித்துவிட்டால் குண்டை மாற்றுங்கள்.

எச்சரிக்கை: ஈயத்தை உருக்கி வீட்டிலேயே குண்டு வார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். புகையும் தூசும் வீட்டுக்குள் தங்கும், குழந்தைகளுக்கு அதுவே பெரிய கேடு. அடுக்குமாடி பல்கனியில் செய்யும் வேலை அல்ல இது.

பழைய குண்டை மலிவாக வாங்கும்போது மேலே உள்ள வளையத்தைப் பாருங்கள். வளையம் ஆடினாலோ அதைச் சுற்றி வெடிப்பு இருந்தாலோ விட்டுவிடுங்கள்.

வடம்: கம்பியா, பின்னிய நூலா?

பெட்டியோடு பெரும்பாலும் 150 இறாத்தல் தாங்கும் துருப்பிடிக்காத உருக்கு வடம் வரும். அது பல ஆண்டு உழைக்கும், பாறையில் உரசினாலும் தாங்கும். ஆனால் ஒருமுறை மடிந்தால் அந்த இடம் பலவீனம். ஓர் இழை அறுந்தால் அது ஊசிபோல நிமிர்ந்து விரலைக் கிழிக்கும். வேகத்தில் ரீங்காரமும் போடும்.

200 இறாத்தல் பின்னிய நூல் கம்பியைவிடச் சற்று மெல்லியது. அது மடியாது, கையைக் குத்தாது, ஆபத்தில் கத்தியால் வெட்டலாம். அதன் எதிரி உரசல். ஏரியடியில் அப்பிக்கிடக்கும் குவாகா மட்டிகளின் ஓடு அதைச் சவர அலகுபோல அறுத்துவிடும். தரையைத் தொட்டு லேக் ட்றவுட் பிடிப்பவர் கம்பியையே வைத்திருக்கட்டும். நடுநீரில் சல்மன் தேடுபவருக்கு நூல் நல்லது என்பது என் தீர்ப்பு.

இன்னொரு தொல்லையையும் சொல்லவேண்டும். 1998இல் ஒன்ராறியோ ஏரியில் தூண்டில்முள் நீர்த்தெள்ளு என்ற அந்நிய உயிரி கண்டுபிடிக்கப்பட்டது. கோடையில் இது தங்கூசியிலும் வடத்திலும் பஞ்சுபோல அப்பும், தடியின் வளையத்தை அடைக்கும். மெல்லிய தங்கூசியில் அதிகம் அப்பும், தடித்ததில் குறைவு. ஓகஸ்ற் மாதத்தில் 30 இறாத்தல் தங்கூசி போடுபவர்கள் பெரிய மீனுக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை.

வடத்தின் முனையைக் கட்டும் வரிசை:

1. வடத்தில் முதலில் ஒரு தடுப்பு மணியைக் கோத்துவிடுங்கள். முனை கப்பிக்குள் இழுபட்டுச் சிக்காமல் அது காக்கும்.
2. கம்பியானால் முனையை மடித்து இரட்டைக் குழல் போட்டு, அதற்குரிய குறட்டால் இரண்டு இடத்தில் நசுக்குங்கள். சாதாரணக் குறட்டால் நசுக்கினால் வழுக்கும். நூலானால் பலோமர் முடிச்சு.
3. பாரம் தாங்கும் சுழலிக் கொளுக்கி ஒன்றை மாட்டுங்கள்.
4. கொளுக்கிக்கும் குண்டுக்கும் நடுவே அதிர்ச்சி தாங்கும் இறப்பர் துண்டு ஒன்றைப் போடுங்கள். சின்னச் செலவு, பெரிய பயன்.
5. இந்தத் தொடரில் எங்காவது ஓர் இடம் வடத்தைவிடப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். அடியில் சிக்கினால் அறுவது அங்கேயாக இருக்கவேண்டும். குண்டு போனால் போகட்டும், 200 அடி வடமும் கருவியின் கையும் மிஞ்சும்.
6. கையுறை போட்டு, வடத்தை முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். இந்தச் சோதனை கரையில் நடக்கவேண்டும்.

கையால் சுற்றுவதா, மின்சாரமா?

கனன், ஸ்கொட்டி, பிக் ஜோன் ஆகியவை ஏரிப் படகுகளில் நீங்கள் அதிகம் காணும் பெயர்கள். சிறு கைக்கருவிகளில் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஓர் அடி வடம் ஏறும். பெரியவற்றில் இரண்டு அடி ஏறும். வாங்குமுன் இதைக் கேளுங்கள். 100 அடியிலிருந்து 12 இறாத்தலைத் தூக்க நூறு சுற்றா ஐம்பது சுற்றா என்பது மத்தியானம் வரும்போது உங்கள் தோளுக்குத் தெரியும்.

60 அடிக்குமேல் அடிக்கடி போகாதவருக்குக் கைக்கருவி போதும். அதில் பழுதாகப் பெரிதாக ஒன்றுமில்லை. தனியாக மீன்பிடிப்பவருக்கும் 15 இறாத்தல் தேவைப்படுபவருக்கும் மின்கருவி வசதி. ஒரு கையில் மீனோடு வளையும் தடி இருக்கும்போது மறு கையால் ஒரு பொத்தானை அழுத்தினால் குண்டு ஏறிவிடும். மின்கருவியை எஞ்சின் கிளப்பும் பற்றரியில் மாட்டாதீர்கள், தனிப் பற்றரி வையுங்கள். கையேடு சொல்லும் அளவு உருகியைப் பற்றரிக்கு அருகிலேயே போடுங்கள். நடு ஏரியில் எஞ்சின் கிளம்பாமல் நிற்பதற்கு டவுன்றிகர் ஒரு நல்ல காரணம் அல்ல.

பொருத்தும் வரிசை:

1. படகைத் தரையில் வைத்து, பின்மூலைகளில் கருவியைப் பிடித்துப் பாருங்கள். வடம் விழும் கோடு எஞ்சின் காற்றாடியிலிருந்து நன்றாக விலகி இருக்கவேண்டும். இரண்டு அடிக் கை பெரும்பாலான சிறு படகுகளுக்குப் பொருந்தும்.
2. உட்கார்ந்த நிலையில் கைப்பிடியும் குண்டும் எட்டுகின்றனவா என்று பாருங்கள். படகுக்கு வெளியே சாய்ந்தால்தான் குண்டு எட்டும் என்றால் அந்த இடம் பிழை.
3. சுழலும் அடித்தட்டு வாங்குங்கள். கரைக்கு வரும்போது கையை உள்ளே திருப்பலாம்.
4. மெல்லிய அலுமினியத் தகட்டில் திருகாணி மட்டும் அடிக்காதீர்கள். அடியில் தடித்த அலுமினியப் பின்தட்டு வைத்து, துருப்பிடிக்காத ஆணியும் பூட்டு நட்டும் போடுங்கள். துளையை நீர்புகாப் பசையால் அடையுங்கள்.
5. கருவியின் கையைப் பிடித்து உங்கள் எடையில் ஒரு பகுதியைச் சாய்த்துப் பாருங்கள். தகடு நெளிந்தால் பின்தட்டு போதாது.
6. பிறேக்கைச் சரிசெய்யுங்கள். குண்டு தானாக இறங்காத அளவு இறுக்கம் வேண்டும். அதேவேளை வடத்தைக் கையுறையோடு பலமாக இழுத்தால் வழுக்கி விடவேண்டும்.

ஆறாவதுதான் உயிர்காக்கும் படி. முழுக்க இறுக்கிய பிறேக், சிக்கிய குண்டு, பின்னாலிருந்து வரும் அலை மூன்றும் சேர்ந்தால் சிறு படகின் பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும்.

கிளிப், தடி, றீல்

கிளிப்புகள் இரண்டு வகை: இறப்பர் தாடையால் கவ்வுபவை, இழுவிசையைத் திருகித் திருத்தக்கூடியவை. முதல் வகை மலிவு, எளிது. தங்கூசியைத் தாடைக்குள் ஆழமாக வைத்தால் இறுக்கம் கூடும், விளிம்பில் வைத்தால் குறையும். கரையிலேயே கையால் இழுத்துப் பழகுங்கள். சிறு மீன் அடித்தாலும் விடவேண்டும், ஃப்ளாஷரின் சுழற்சிக்கு விடக்கூடாது. பின்னிய நூலைத் தடியில் போட்டவர்களுக்குத் தாடை வழுக்கும். ஆரம்பிப்பவர் தடியில் தங்கூசியே போடட்டும்.

தடி எட்டரை அடி, மெதுவாக வளையும் வகை. விறைப்பான தடி இங்கே உதவாது. தங்கூசியைக் கிளிப்பில் மாட்டியபின் தடி வில்லாக வளைந்து நிற்கவேண்டும். மீன் அடித்துக் கிளிப் விட்டவுடன் அந்த வில் நிமிர்ந்து தளர்வை உறிஞ்சிக்கொள்ளும். விறைப்பான தடியில் அந்த ஒரு நொடித் தளர்வில்தான் மீன் முள்ளைத் துப்பும்.

றீலில் அடி காட்டும் எண்மானி இருக்கட்டும். இதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். 20 அடி பின்னால் விட்ட ஸ்பூனில் மீன் அடித்தால் மறுபடியும் அதே 20 அடிக்கு விட அதுதான் உதவும். 20 முதல் 30 இறாத்தல் தங்கூசி 300 யார் கொள்ளும் அளவு வேண்டும். ஆற்றுக்கு ஏறத் தயாரான சினூக் ஒரே ஓட்டத்தில் நூறு யாருக்குமேல் உருவிக்கொண்டு போகும்.

இறக்கும் வரிசை

1. படகை நேராக ஓட்டி, மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் நிலைநிறுத்துங்கள். குறுக்கே வேறு படகு வருகிறதா என்று பாருங்கள்.
2. இரையைப் படகோரத்தில் விட்டு அது ஆடும் விதத்தைப் பாருங்கள். மேலே ஒழுங்காக ஆடாத ஸ்பூன் கீழேயும் ஆடாது.
3. ஸ்பூனானால் 15 முதல் 30 அடி விடுங்கள். ஃப்ளாஷரும் ஈ உருவ இரையும் என்றால் 10 முதல் 20 அடி. தெளிந்த நீரில், ஆழம் குறைந்த இடத்தில், இன்னும் நீட்டுங்கள்.
4. தங்கூசியைக் கிளிப்பில் மாட்டுங்கள்.
5. றீலைத் தளர்த்தி, சத்தம் போடும் விசையைப் போட்டு, பெருவிரலால் இலேசாக அணையுங்கள். இல்லாவிட்டால் தங்கூசி கூடுகட்டிவிடும்.
6. பிறேக்கை மெல்லத் தளர்த்திக் குண்டை ஒரே சீராக இறக்குங்கள். சடாரென விட்டால் இரை பின்தங்கி வடத்தில் சுற்றும்.
7. வேண்டிய அடியில் நிறுத்துங்கள். றீலைப் பூட்டி, தடி வளையும்வரை சுற்றுங்கள்.
8. மறுபக்கக் குண்டைக் குறைந்தது 10 அடி வித்தியாசத்தில் இறக்குங்கள்.

மீன் அடித்தால் தடி முதலில் குனிந்து பிறகு நிமிரும். அதை எடுத்தவுடன் தளர்வு போகும்வரை வேகமாகச் சுற்றுங்கள். படகை நிறுத்தாதீர்கள், வேகத்தைச் சற்றுக் குறைத்தால் போதும். மீன் பெரிதென்றால் அந்தப் பக்கக் குண்டை மற்றவர் உடனே ஏற்றட்டும். வலைக்கருகே வந்த மீன் வடத்தைச் சுற்றித் தப்புவது அன்றாடக் கதை.

எத்தனை அடி என்று உண்மையில் எப்படித் தெரியும்?

டவுன்றிகரின் அடிமானி காட்டுவது வெளியே போன வடத்தின் நீளம். குண்டு நிற்கும் ஆழம் அதைவிடக் குறைவு. வடம் 30 பாகை சாய்ந்து தெரிந்தால், பள்ளிக்கூடக் கணக்கின்படி 100 அடி வடத்துக்கு 87 அடி ஆழம். ஆனால் வடம் நேர்கோடாக நிற்பதில்லை. மேலே சாய்வு அதிகம், கீழே போகப் போகக் குறைந்து, குண்டருகே கிட்டத்தட்டச் செங்குத்தாகிவிடும். ஆகவே மேலே தெரியும் கோணத்தில் பாதியை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 15 பாகைக்கு 96, 97 அடி வரும். உண்மைக்கு இது நெருக்கம். ஆனால் அதே குண்டு படகுக்குப் பின்னால் 25 அடிக்கு மேல் தள்ளி நிற்கும். மீன்காட்டியின் கூம்புக்குள் அது தெரியாமல் போவது இதனால்தான். கருவி பழுது என்று பயப்படாதீர்கள்.

வேகம் கூடினால் நிலைமை விரைவாக மாறும். நீரின் இழுவை வேகத்தின் வர்க்கமாகக் கூடும்: இரண்டு மைலிலிருந்து மூன்றுக்குப் போனால் இழுவை இரண்டேகால் மடங்கு. கோணம் 40 பாகையைத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது அடுத்தமுறை பாரமான குண்டோடு வாருங்கள்.

குறிப்பு: திரையில் தெரியும் படகின் வேகமும் 80 அடிக்குக் கீழே இரை உணரும் வேகமும் ஒன்றல்ல. ஏரிக்குள் நீரோட்டங்கள் எதிரெதிராக ஓடும். வடக்கே போகும்போது மீன் அடித்து, தெற்கே திரும்பினால் ஒன்றுமே அடிக்காத நாட்களுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். வடத்தின் கோணத்தைப் பாருங்கள். மீன் அடித்த திசையில் இருந்த கோணம் மறுதிசையிலும் வரும்வரை வேகத்தை மாற்றுங்கள். ஃபிஷ் ஹோக் போன்ற கருவியின் உணரியைக் குண்டருகே கட்டினால் அந்த ஆழத்தின் வேகமும் வெப்பநிலையும் எண்ணாகவே வரும். காசு சேர்ந்தால் இரண்டாவது சோடிக் குண்டுக்கு முன் அதை வாங்குங்கள்.

காற்றையும் கவனியுங்கள். மேற்கிலிருந்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் வலப்புறம், அதாவது தெற்கே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப ரொறன்ரோப் பக்கக் கரையில் குளிர்நீர் மேலே எழும். அந்த நாட்களில் 12 இறாத்தல் குண்டோடு 40 அடியிலேயே சல்மன் கிடைக்கும். கிழக்குக் காற்று தொடர்ந்தால் சூடான நீர் இக்கரையில் குவிந்து, குளிரும் மீனும் ஆழத்துக்கு இறங்கும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

திடீர்த் திருப்பம் முதலாவது. உட்பக்கக் குண்டு வேகமிழந்து தாழும், வெளிப்பக்கக் குண்டு எழும், இரண்டு தங்கூசியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வட்டத்தை அகலமாகப் போடுங்கள். அப்படித் திரும்பும்போது மீன் அடித்தால் எந்தப் பக்கம் அடித்தது என்று கவனியுங்கள். உட்பக்கமானால் மெதுவான வேகத்தை அல்லது கூடுதல் ஆழத்தை மீன் விரும்புகிறது. வெளிப்பக்கமானால் நேர்மாறு.

கிளிப்பை மிகவும் இறுக்குவது இரண்டாவது. சிறு மீன் மாட்டியதே தெரியாமல் அரைமணி இழுத்துக்கொண்டு திரிவீர்கள். தடி நுனி அடிக்கடி துடித்தால் ஏற்றிப் பாருங்கள்.

அடித்தளத்தை ஒட்டி இறக்கிவிட்டுத் திரையைப் பார்க்காமல் இருப்பது மூன்றாவது, அதிகம் செலவு வைப்பதும் அதுதான். தரைக்கும் குண்டுக்கும் 10 அடியாவது இடைவெளி விடுங்கள். ஸ்காபரோ செங்குத்துக் கரைகளுக்கு வெளியே தரை எங்கும் தட்டையாக இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

சட்டத்தில் தவறுவதும் உண்டு. ஒன்ராறியோவில் ஏரியின் இந்தப் பகுதி 20ஆம் மீன்வள வலயம். இங்கே படகிலிருந்து பிடிக்கும்போது ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். விதிகளும் பிடி எல்லைகளும் மாறக்கூடியவை. ஒவ்வோர் ஆண்டும் மாகாணத்தின் விதிச்சுருக்கத்தைப் படித்துவிட்டே கிளம்புங்கள்.

குண்டு அடியில் சிக்கினால்

வடம் திடீரெனப் பின்னுக்கு நீண்டு, பிறேக் கீச்சிட்டால் குண்டு சிக்கிவிட்டது. பதறாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எஞ்சினை உடனே நடுநிலைக்கு (நியூற்றல்) கொண்டுவாருங்கள்.
2. பிறேக்கைத் தளர்த்தி வடத்தை ஓடவிடுங்கள்.
3. மற்றத் தூண்டில்களையும் குண்டையும் ஏற்றுங்கள்.
4. படகின் முன்பக்கம் அலையை நோக்கி இருக்க, மெல்ல வட்டமிட்டுச் சிக்கிய இடத்துக்கு மறுபக்கம் போங்கள். பின்பக்கமாக அலைக்குள் ஓட்டாதீர்கள்.
5. எதிர்த்திசையிலிருந்து வடத்தைச் சுற்றி இழுத்துப் பாருங்கள்.
6. வரவில்லையா, வெட்டுங்கள்.

வடம் வெட்டும் குறடு ஒவ்வொரு கருவிக்கும் எட்டும் தூரத்தில் கட்டித் தொங்கவேண்டும், பெட்டிக்குள் இருந்து பயனில்லை. வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், இழுபட்ட கம்பி சாட்டையாக எகிறும். வடத்தைக் கையில் சுற்றி இழுப்பதோ படகின் கட்டையில் கட்டி எஞ்சினால் இழுப்பதோ வேண்டவே வேண்டாம்.

ஏற்றும்போது குண்டு நீர்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். காற்றில் தொங்கும் 12 இறாத்தல் குண்டு ஒவ்வோர் அலைக்கும் படகின் பக்கத்தை இடிக்கும், குனிந்தவர் தலையையும் இடிக்கும். கையால் பிடித்து உள்ளே எடுத்து, தரையில் அதற்கென ஒரு பள்ளத்திலோ ஈரச் சாக்கிலோ வையுங்கள். இருக்கையின்மேல் வைத்த குண்டு யாராவது ஒருவர் காலில் விழும். மூடிய சப்பாத்துப் போடுங்கள், செருப்போடு வராதீர்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கவேண்டும் என்பது சட்டம். குண்டு ஏற்றி இறக்குபவர் அதை உடலில் போட்டே இருக்கட்டும். சித்திரையில் ஏரியின் நீர் பனிக்கட்டிக்குச் சில பாகையே மேலே. விழுந்தவருக்கு நீந்தக் கை வராது.

கரையேறிய பின்

1. இறங்குதுறைக்குத் திரும்பப் படகை வேகமாக ஓட்டுமுன் குண்டுகளைக் கழற்றி, படகின் நடுவில் தாழ்வாக வையுங்கள். கருவியின் கையில் தொங்கவிட்டு ஓட்டினால் முதல் பெரிய அலையிலேயே பொருத்திய ஆணி ஆட்டங்காணும்.
2. வடத்தின் கடைசி 10 அடியை வெள்ளைத் துணிக்கிடையே இழுங்கள். துணியில் இழை மாட்டினால் அந்தப் பகுதியை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.
3. வெறும் ஈயத்தைத் தொட்டிருந்தால் மீனை வெட்டுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
4. மீனைப் பங்கிடுமுன் ஒன்ராறியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் அந்த இனத்தையும் நீளத்தையும் தேடுங்கள். பெரிய சினூக்குக்கும் பெரிய லேக் ட்றவுட்டுக்கும் மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்ற எல்லை இருக்கும். சிறுவருக்கும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் தனி அளவு.
5. படகின் வடிகால் அடைப்பான்களைக் கழற்றி நீரை வடியவிடுங்கள். வடத்திலும் தங்கூசியிலும் அப்பிய தெள்ளையும் களையையும் துடைத்துக் குப்பையில் போடுங்கள். 2022 தை முதலாம் திகதியிலிருந்து, படகைத் தெருவில் ஏற்றிச் செல்லுமுன் இது ஒன்ராறியோவில் சட்டம். அடுத்த வாரம் சிம்கோ ஏரிக்குப் போக நினைப்பவர் வடத்தை முழுதாக உருவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டுச் சுற்றுங்கள்.